அரையும் அரையும்

சதுரங்க நடுவருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது. மரகதவல்லிக்கு அது ஜென்மத்துக்கும் வராது என்று என் அக்கா சொல்லுவாள். வராத அந்த வேலையைச் செய்துதான் இத்தனை வருடமாகச் சாப்பிடுகிறேன். ஆனால் திண்டுக்கல் ஜெசிந்தா தன்னோடு தானே ஆடிய ஆட்டத்தில் வாயைத் திறக்காமல் இருக்க நான் பட்ட பாடு இருக்கிறதே, அது எனக்கும் அந்த மண்டபத்துக்கும்தான் தெரியும்.

தன்னோடு தானே எப்படி ஆடுவது என்று யோசிக்கிறீர்கள். சொல்கிறேன்.

இப்போதெல்லாம் போட்டிகளில் ஆடும் ஒவ்வொருவருக்கும் ஒரு நிழல் உண்டு. காதுக்குள் கருவி, செருப்புக்குள் கருவி என்று திருட்டு பெருத்துப் போனதால் கூட்டமைப்பு கண்டுபிடித்த வழி அது. ஒருவர் சின்ன வயதிலிருந்து ஆடிய ஆட்டங்கள் அத்தனையையும் கணினிக்குக் கொடுத்தால், அது அவரைப் போலவே ஆடக் கற்றுக்கொள்ளும். எந்த ஓப்பனிங், அதாவது எந்தத் தொடக்க நகர்த்தல்கள், அவருக்குப் பிடிக்கும், எங்கே அவசரப்படுவார், எந்த நேரத்தில் பயப்படுவார் என்று எல்லாம் அதற்கு அத்துப்படி. நிழலைவிட ரொம்ப நன்றாக ஆடிவிட்டால் அன்றைக்கே விசாரணை. என்னைப் போல வாயாடிக்கு ஒரு நிழல் செய்யவேண்டும் என்று யாருக்கும் தோன்றாதது என் அதிர்ஷ்டம்.

ஜெசிந்தா இரண்டு விஷயங்களுக்குப் பேர்போனவள். கறுப்புக் காய் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிரெஞ்சு டிஃபன்ஸ் என்ற தொடக்கத்தை ஆடுவாள். அடுத்தது, டிரா பண்ண மாட்டாள். எதிராளி டிரா கேட்டால் அவரை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த காயை நகர்த்துவாள். அதனால் ஜெயித்ததும் உண்டு, தேவையில்லாமல் தோற்றதும் உண்டு. பிடிவாதக்காரி. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். நடுவர் அப்படிச் சொல்லக் கூடாது, அதனால் அப்போது சொன்னதில்லை.

திண்டுக்கல் பைபாஸில் ஒரு லாரி அவளுடைய ஸ்கூட்டரை அடித்தது. உயிர் பிழைத்தாள். பேச்சு போய்விட்டது, வலது கை நடுங்கியது, சில வருட ஞாபகங்கள் மொத்தமாக அழிந்துபோயின. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது ஒரு சின்னச் சதுரங்கப் பெட்டியைக் கொண்டுபோயிருந்தேன். குதிரையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "இது... தாண்டும்ல... அது," என்றாள். குதிரை என்ற சொல் அவளிடம் இல்லை. லிஃப்டில் இறங்கும்போது நான் அழுதேன்.

அதற்குப் பிறகுதான் டாக்டர் விசாகன் அவளுடைய தலைக்குள் பாலம் வைத்தார். பாலம் என்பது பொட்டளவு சில்லு. மூளையில் அறுந்துபோன இடத்தின் இந்தக் கரையையும் அந்தக் கரையையும் அது சேர்க்கும். வருடம் திரும்புவதற்குள் ஜெசிந்தா பேசினாள், சண்டை போட்டாள், ஆன்லைனில் ஆட ஆரம்பித்தாள். ஆட்டம் திரும்பி வந்துவிட்டது. உடனே தடையும் வந்தது. தலைக்குள் இயந்திரம் இருப்பவர் போட்டியில் ஆட முடியாது என்றது கூட்டமைப்பின் நேர்மைக் குழு.

அவள் விடவில்லை. மேல்முறையீடு செய்தாள். விசாரணைக்கு நடுவர் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"பாலத்துக்குள்ள எதையும் சேமிக்க முடியாதுங்க," என்றார் விசாகன். "தண்ணிக் குழாய் உடைஞ்சா ஒரு துண்டு வச்சு ஒட்டுவோம்ல, அவ்வளவுதான் அது. தண்ணி அந்தப் பொண்ணோடது."

குழுவின் தலைவர் கோதண்டபாணி கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். "நீங்க சொல்றீங்க டாக்டர். எதிர்ல உட்காந்து தோக்கறவன் நம்பணுமே? அதனால ஒரு பரிசோதனை வைக்கறோம். விபத்துக்கு முந்தின அவங்களோட நிழல் நம்மகிட்ட இருக்கு. அதோட ஒரே ஒரு ஆட்டம்."

"ஜெயிச்சா?" என்று கேட்டேன்.

"முன்னைவிட நல்லா ஆடறாங்க, சில்லு உதவி பண்ணுதுன்னு அர்த்தம். தடை நீடிக்கும்."

"தோத்தா?"

"பழைய ஆள் இல்லைன்னு அர்த்தம். மருத்துவப் பிரிவுல ஆடலாம்."

"அப்ப ஜெயிச்சா திருடி, தோத்தா நோயாளி. மிச்சம் டிரா ஒண்ணுதான்."

"டிரா ஆனா பழைய ஜெசிந்தாவேதான்னு எடுத்துக்கலாம். தடையை எடுத்துடுவோம்."

"சார், பழைய ஜெசிந்தா டிராவே பண்ண மாட்டாளே. அப்ப அவளோட நிழல் மட்டும் எப்படிப் பண்ணும்?"

கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கு விதியில ஒண்ணும் இல்லைங்களே," என்றார்.

இது ஜெசிந்தா ஒருத்தியின் சமாச்சாரம் இல்லை என்பது போகப்போகத்தான் எங்களுக்கு உறைத்தது. தலையில் பாலம் வைத்த ஒரு பஸ் டிரைவர் சேலத்தில் வேலை திரும்பக் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார். தஞ்சாவூரில் ஒரு பெண் நுழைவுத் தேர்வு எழுதக் காத்திருந்தாள். சதுரங்கக்காரர்கள் என்ன முடிவு செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்களாம். யோசிப்பது ஆளா சில்லா என்று தீர்மானிக்க எங்களைவிட்டால் வேறு ஆளே இல்லாததுபோல.

மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆட்டம். எங்கள் போட்டிகளில் பாதிக்கு மேல் கல்யாண மண்டபத்தில்தான் நடக்கும். முகூர்த்தம் இல்லாத நாளில் வாடகை குறைவு. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு மேஜை போட்டிருந்தார்கள்.

காலையில் நான் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தபோதே ஜெசிந்தா வந்துவிட்டாள். முடி வளர்ந்து தழும்பை மறைத்திருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நான் எப்பவாச்சும் டிரா பண்ணியிருக்கேனா? என் பழைய ஆட்டத்தையெல்லாம் பூட்டி வச்சுட்டாங்க, சோதனை முடியிற வரைக்கும் பாக்கக் கூடாதாம். எனக்கு நடுவுல கொஞ்ச வருசம் சுத்தமா ஞாபகம் இல்ல. ஒரு தடவையாச்சும் டிரா பண்ணியிருந்தா, அதே மாதிரி அந்த நிழலையும் இழுத்துட்டுப் போயிரலாம்னு பாக்குறேன்."

பண்ணியிருக்கிறாள். ஒரே ஒரு முறை, விருதுநகரில். அன்றைக்கு நடுவர் நான்தான்.

"நடுவர்கிட்ட கேக்குற கேள்வியா இது?" என்றேன்.

அவள் சட்டென்று தலையைக் குனிந்தாள். "தப்புதான் மேடம். மறந்துருங்க."

மறப்பதாவது! உள்ளே பதில் முட்டிக்கொண்டு நிற்க, நான் சிப்பாய்களை வரிசையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் அவள் பிழைத்துக்கொள்வாள். ஆனால் அதற்கப்புறம் அவள் ஆடும் ஆட்டம் அவளுடையதாக இருக்காது. கோதண்டபாணி சொல்வது உண்மையாகிவிடும், சில்லுக்குப் பதிலாக நான் உதவியிருப்பேன். பேசாமல் இருந்தேன்.

வெள்ளைக் காய் நிழலுக்கு என்று சீட்டு விழுந்தது. நிழலுக்குக் கை கிடையாது. அதன் நகர்த்தல் என் பக்கத்துத் திரையில் தெரியும், நான் பலகையில் நகர்த்துவேன். நான் பேசக் கூடாது. நிழல் ஏதாவது சொல்லவேண்டுமென்றால் ஜெசிந்தாவின் பக்கம் இருக்கும் சின்னத் திரையில் எழுத்தாக வரும். ஆக, பழைய ஜெசிந்தாவின் கை நானானேன்.

நிழல் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியது. ஜெசிந்தா பிரெஞ்சு ஆடினாள், வேறென்ன ஆடுவாள். மூன்றாவது நகர்த்தலில் நிழல் நடுச் சிப்பாயை வெட்டியது, அவளும் திருப்பி வெட்டினாள். அவ்வளவுதான், முகம் பார்க்கும் கண்ணாடியைப் பலகைக்குக் குறுக்கே நிறுத்தியதுபோல இரண்டு பக்கமும் ஒரே அமைப்பு. பிரெஞ்சு ஆடுகிறவர்களுக்கு இந்த வழி அறவே பிடிக்காது, சப்பென்று இருக்கும் என்பார்கள். தனக்கு எது பிடிக்காது என்று அவளுக்கே தெரியாதா? அதனால்தான் நிழல் அதைத் தேர்ந்தெடுத்தது.

ஆனால் நான் திடுக்கிட்டது வேறு காரணத்தால். விருதுநகர் ஆட்டமும் இப்படித்தான் தொடங்கியது. அன்றைக்கு ஜெசிந்தா வெள்ளை. எதிரே ஒரு சின்னப் பெண், பிரெஞ்சு, அதே சிப்பாய் வெட்டு. குதிரைகள் வந்தன, மந்திரிகள் வந்தன, இரண்டு ராஜாக்களும் கோட்டைக்குள் போயின. ஒவ்வொரு நகர்த்தலாக அந்தப் பழைய ஆட்டம் என் கையாலேயே திரும்ப நடந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா மட்டும் இந்த முறை எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முகத்தில் எதுவும் காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஆட்டம் தன் வழியே பிரிந்து போனது. நிழல் நெருக்கியது. ஜெசிந்தா ஒரு மந்திரியை இழந்தாள். கடிகாரத்தில் நேரம் கரைந்தது. களைத்துப்போனால் அவளுடைய கை அதிகம் நடுங்கும். வைக்கும் காய் கட்டத்துக்குள் நிற்காமல் கோணலாக நிற்கும், மறுபடி தொட்டு நேராக்குவாள். கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த விசாகன் நகத்தைக் கடிக்க ஆரம்பித்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் தோற்றுவிடுவாள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அப்போது நிழல் ஒரு நகர்த்தலை அனுப்பியது. கூடவே என் திரையின் அடியில் இரண்டாவது வரி. *டிரா?*

நான் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். அதேதான். ஒரே ஒரு முறை தவிர டிராவே பண்ணாத ஜெசிந்தாவின் நிழல், ஜெயிக்கிற ஆட்டத்தில் டிரா கேட்கிறது. காயை நகர்த்திக் கடிகாரத்தை அமுக்கினேன். ஜெசிந்தாவின் சின்னத் திரையிலும் அதே எழுத்து மின்னியது. 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. சொல்லுடி என்று மனசுக்குள் கத்தினேன்.

அவள் குனிந்த தலை நிமிரவில்லை. வலது கை மேலே எழுந்தது, பலகையின் மேல் வந்து நடுங்கியது, குதிரையில் பட்டது. குதிரை சாய்ந்து விழுந்தது.

கோதண்டபாணி எழுந்து மேடைக்கே வந்துவிட்டார். "காயைத் தொட்டுட்டாங்க. பலகையோட உணர்கருவியிலயும் பதிவாயிருக்கு. டிரா கேட்டப்புறம் காயைத் தொட்டா, வேணாம்னு சொன்னதா அர்த்தம்."

"அவ எங்க தொட்டா? கை நடுங்கி இடிச்சுது," என்று கீழேயிருந்து விசாகன் கத்தினார். "நரம்புக் கோளாறுங்க அது!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். விதி எனக்கு மனப்பாடம். நகர்த்தவேண்டும் என்ற எண்ணத்தோடு தொட்டால்தான் தொட்டதாகக் கணக்கு. கருவிக்கு விரல் தெரியும், எண்ணம் தெரியாது. எண்ணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் இன்னும் எங்களைப் போன்ற ஆட்களை வைத்திருக்கிறார்கள். கடிகாரத்தை நிறுத்தினேன்.

"ஏம்மா, நகர்த்தணும்னு தொட்டியா, கை தவறிப் பட்டுச்சா?"

தவறிப் பட்டது என்று அவள் சொன்னால் நான் நம்புவேன். யாராலும் மறுக்க முடியாது. டிரா, தடை நீக்கம், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஜெசிந்தா என்னை நேராகப் பார்த்தாள்.

"நகர்த்தணும்னுதான் மேடம் தொட்டேன்."

விசாகன் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அவளை ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. "அப்ப டிரா கேட்டது செல்லாது. குதிரையைத்தான் நகர்த்தணும்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடிகாரத்தை ஓடவிட்டேன்.

அவள் விழுந்த குதிரையை எடுத்தாள். அதைக் கொண்டுபோய் வெள்ளை ராஜாவின் வாசலில் வைத்து, "செக்" என்றாள்.

சும்மா தாரை வார்க்கிறாளே என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்டாமல் ராஜா ஒதுங்கினால் அடுத்த நகர்த்தலில் மேட். அதனால் நிழல் சிப்பாயால் குதிரையை வெட்டியது. அந்தச் சிப்பாயை அவளுடைய ராணி வெட்டியது. இப்போது வெள்ளை ராஜாவுக்கு முன்னால் வேலி இல்லை. நிழலுக்கு ஒரு நகர்த்தல் கைவசம் இருந்தது. அது யோசித்தது, யோசித்தது, அவ்வளவு நேரம் அது யோசித்து நான் பார்த்ததில்லை. கடைசியில் எதையோ நகர்த்தியது, உதவவில்லை. ராணி பக்கத்துக் கட்டத்திலிருந்து செக் வைத்தது. ராஜா மூலைக்கு ஓடியது. ராணி திரும்பி வந்து செக். ராஜா மறுபடி பழைய இடத்துக்கு. அந்தப் பக்கம் தப்பிக்கலாம் என்றால் அதன் சொந்த யானையே வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. ஜெயிக்கவேண்டியவளின் ராஜா மூலைக்கும் பக்கத்துக் கட்டத்துக்குமாக அலைந்துகொண்டிருந்தது. இனி உலகம் அழியும்வரை செக் வைத்துக்கொண்டே இருக்கலாம்.

ஒரே நிலை பலகையில் மூன்று முறை வந்தால் டிரா, ஆனால் அதை முறைப்படி கேட்கவேண்டும். ஒரே நிலை மூன்றாவது முறை வருகிறது என்று கேட்கிறவர், நகர்த்தலைத் தாளில் எழுதவேண்டும், காயைத் தொடாமல் கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிடவேண்டும். பெரிய பெரிய ஆட்டக்காரர்களே அவசரத்தில் காயை நகர்த்திவிட்டுக் கேட்பார்கள், செல்லாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். இவளோ டிரா கேட்டே பழக்கமில்லாதவள். கடிகாரத்தில் இருந்தது கொஞ்ச நேரம். கை ராணிக்கு மேலே போனது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். பேனாவை இடது கையில் எடுத்து, கோணல்மாணலாக எழுதினாள், கடிகாரத்தை நிறுத்தினாள்.

"மேடம், மூணாவது தடவை. டிரா கேக்குறேன்."

நான் சரிபார்த்தேன். வேண்டுமென்றே மெதுவாகச் சரிபார்த்தேன், பிறகு யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே. "சரி. டிரா," என்றேன்.

டிரா ஆனால் இரண்டு ராஜாக்களையும் பலகையின் நடுவில் எதிரெதிரே நிறுத்துவது வழக்கம், அதைப் பார்த்துத்தான் பலகை முடிவைப் பதிவு செய்யும். ஆட்டம் நடக்கும்போது இரண்டு ராஜாக்கள் அடுத்தடுத்த கட்டத்தில் நிற்கவே முடியாது. முடிந்த பிறகுதான் முடியும். வெள்ளை ராஜாவை நான் வைத்தேன். கறுப்பு ராஜாவை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு ஜெசிந்தா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

விசாகன் படியேறி ஓடிவந்தார். கோதண்டபாணிக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. "நிழல் எதுக்குங்க டிரா கேட்டுது? பிழையா இருக்குமோ?"

"பிழை இல்ல சார்," என்றேன். இனிப் பேசலாம் என்பதே எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. "ஜெசிந்தா ஒரு தடவை டிரா பண்ணியிருக்கா. விருதுநகர்ல. எதிர்ல ஒரு சின்னப் பொண்ணு, நல்ல காய்ச்சல். கை நடுங்கி, ஒவ்வொரு காயா கோணலா வைக்குது. நேரம் வேற ஓடிருச்சு. இவ ஜெயிக்கிற நிலமை. திடீர்னு டிரான்னு கைய நீட்டிட்டா. வெளிய வந்தப்ப இவ கோச்சு கிழிகிழின்னு கிழிச்சார்."

"அது நிழலுக்கு எப்படித் தெரியும்?"

"ஆட்டம்னா நகர்த்தல் மட்டுமா சார்? எங்க நேரமாச்சு, எந்தக் காய் கோணலா நின்னுச்சுன்னு பலகை எல்லாத்தையும்தான் பதியுது. அதையும் சேத்துத்தான நீங்க நிழலுக்குப் படிக்கக் குடுத்தீங்க? எதிர்ல இருக்குற ஆளுக்கு முடியலன்னு அதுக்குத் தெரிஞ்சுருக்கு. ஜெசிந்தா என்ன செய்வாளோ அதைச் செஞ்சுது."

கோதண்டபாணி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "அந்தப் பொண்ணு டிராவ வாங்கிக்கிச்சா?"

"வாங்கிக்கிச்சு. அழுதுச்சு."

"நானும் திரையைப் பாத்தேன் மேடம்."

"எப்ப?"

"கேட்ட உடனே. குதிரையைத் தொடுறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்."

"அடிப்பாவி. அப்புறம் ஏன் தொட்ட?"

"செக் வச்சுக்கிட்டே இருக்கலாம்னு அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு. இருந்தாலும் அது குடுத்த டிராவ எடுத்துக்கலாமான்னு இருந்துச்சு." அவள் நடுங்கும் கையை மடியில் வைத்து மற்ற கையால் பிடித்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரிலேருந்து வந்ததுலேருந்து பாக்குறவங்க எல்லாரும் பாவம்னுதான் பாக்குறாங்க மேடம். நானுமா என்னைப் பாவம்னு பாக்கணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. என் அக்கா அங்கே இருந்திருந்தால் அன்றைக்குத் தேதி குறித்து வைத்திருப்பாள்.

அந்த நேரத்தில் கோதண்டபாணி, "இது என்னங்க?" என்றார். முடிவுப் பட்டியல் திரையில் வந்திருந்தது. ஒரே ஒரு பெயர், அதற்கு நேராக ஒரே ஒரு எண். *ஜெசிந்தா – 1.*

"ஒரு புள்ளின்னா ஜெயிச்சதா ஆயிடுமே. ஜெயிச்சா தடை நீடிக்கும்னு எழுதியிருக்கு." அவர் பதறிப்போனார், நானும் திரையருகே போய்ப் பார்த்தேன். பிறகு புரிந்தது. நிழலுக்கென்று தனிப் பதிவு எண் கிடையாது. ஜெசிந்தாவின் எண்ணில்தான் அதுவும் இருக்கிறது. டிராவுக்கு ஆளுக்கு அரைப் புள்ளி. அந்த அரையும் இந்த அரையும் ஒரே பெயரில் போய் விழுந்து ஒன்றாகிவிட்டது.

"சென்னைக்கு போன் பண்ணித் திருத்தச் சொல்லணும்," என்றார் அவர்.

"தாராளமா," என்றேன். "இவ வேற, அவ வேற, ரெண்டு பேரும் ஒரே ஆள் இல்லன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நானே போன் பண்ணித் திருத்தச் சொல்றேன்."

கோதண்டபாணி போனைக் கையில் எடுத்தார். ஜெசிந்தாவைப் பார்த்தார், பலகையின் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு ராஜாக்களைப் பார்த்தார். போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அடியில் 'டிரா, தடை நீக்கம்' என்று குறிப்பு எழுதினார். அந்த ஒன்றை அப்படியே விட்டுவிட்டுச் 'சேமி' என்ற இடத்தை அழுத்தினார்.